ஏலாது என்றால் கேட்கமாட்டோம்

கதையை மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற வித்தை எனக்கு வராது. அதற்குப் பொறுமையும் இல்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் சகலனுக்கு இடது கண் தெரியாது. தெரியாத கண்ணோடுதான் அவர் கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அந்தக் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தது. அது அவருக்கும், அவருடைய மனைவிக்கும், மட்டக்களப்பில் ஒரு கண் டொக்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாது. தெரிய வந்தால் அவருடைய சீட் போய்விடும். நான் சொல்லப்போவது அந்தச் சீட்டைப் பற்றித்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, யுத்த காலம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். அவர் முடித்தது ராத்தாவை, அதாவது அக்காவை; நான் முடித்தது தங்கச்சியை. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் டேய் என்பார். இருவருக்கும் ஒரே டிப்போவில் வேலை. நான் அக்கரைப்பற்றுப் பக்கம் ஓடுகிற கிட்டத்துச் சாரதி. அவர் கொழும்புச் சாரதி. அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு இருந்த மவுசு இன்றைக்கு விளங்காது. கொழும்பிலிருந்து மருந்து எடுப்பிக்க வேண்டியவர்கள், வெளிநாட்டு மகனின் பார்சலுக்குக் காத்திருந்த உம்மாமார், எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் எதிரே வருகிற லொறிக்காரன்கூட அவருடைய ஹோர்ன் சத்தத்தைக் கேட்டு ஒதுங்குவான் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அதை நம்பாதவன் நான் ஒருவன்தான். வெளியில் சொல்லமாட்டேன்.

அவருக்கு இரண்டு மகள்மார். மூத்தவளுக்கு வீடு கட்டிக்கொடுத்துக் கல்யாணமும் முடித்துவிட்டார். இளையவளுக்கு வளவின் பின்பக்கத்தில் கட்டத் தொடங்கிய சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. எங்கள் ஊரில் வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். கொழும்பு ஓட்டத்துக்குக் கிடைக்கிற மேலதிகப் படியில்தான் அந்தச் சுவர் உயர்ந்துகொண்டிருந்தது.

டிப்போவில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் லீவு எழுதிக் கொடுக்கமாட்டான். இன்னொரு சாரதியிடம் போய், "மச்சான், நாளைக்கு ஏலாது" என்பான். அவ்வளவுதான். மற்றவன் அந்த ஓட்டத்தை ஓடுவான். டைம்கீப்பர் வருத்தக்காரனின் பெயரையே போட்டுக்கொள்வார். சுகமான பிறகு இவன் அவனுக்கு ஓடிக் கொடுப்பான். இதைக் கைமாற்று என்போம். இதில் ஒரு மரியாதை இருந்தது: என்ன வருத்தம் என்று கேட்கக்கூடாது. மூலமாக இருக்கலாம், பொஞ்சாதியோடு சண்டையாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து றோட்டில் பயப்படாமல் ஓட்டினேன் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் நம்பிக்கை கெட்டுக் கிடந்த நாட்களிலும் காரைதீவு அண்ணனுக்கு நாங்கள் கைமாற்று ஓடியிருக்கிறோம், அவர் எங்களுக்கு ஓடியிருக்கிறார். எங்கள் டிப்போவில் எஞ்சியிருந்த சில தமிழ்ச் சாரதிகளில் அவர் ஒருவர்.

காக்கா மட்டக்களப்புக்குக் கண் காட்டப் போன நாட்களெல்லாம் கைமாற்றில் போனவைதான். அதில் பல நாள் ஓடிக் கொடுத்தவன் நான். ஓட்டும்போது அவர் இடப்பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன், கோழி பார்ப்பதுபோல. கழுத்துப் பிடிப்பு என்றார். நாங்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொல்லிக் கொடுத்தோம்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஒப்பந்தம் வந்தது. எங்கள் தொழிற்சங்கத்தின் கொழும்புத் தலைமையும் நிர்வாகமும் பேசி எழுதியது. டிப்போவுக்கு டிப்போ சாரதிகள் ஓம் என்று சொன்னால்தான் நடைமுறைக்கு வரும். சிங்களத்தில் வந்ததை எங்கள் கிளைச் செயலாளர், அட்டாளைச்சேனைக்காரர், டயர் அடுக்கும் தகரக் கொட்டிலுக்குள் நின்று தமிழில் சொல்லிக் கொண்டுபோனார். முதல் பாதி தேன். தற்காலிகச் சாரதிகள் எல்லாரும் நிரந்தரம். சம்பளம் கூடும். உடுப்பு வருஷத்துக்கு வருஷம். மூலையில் நின்ற நிந்தவூரான் என்கிற இளம் சாரதி அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான். தற்காலிகமாகவே இருந்து அவனுக்குக் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போயிருந்தது.

பிறகு சுகயீன லீவுப் பகுதி வந்தது. இனிக் கைமாற்று கிடையாது. ஏலாதவன் தானே லீவு போடவேண்டும். போட்ட அன்றைக்கே அம்பாறைக்குப் போய் நிர்வாகத்தின் டொக்டருக்கு முகம் காட்டவேண்டும். அவர் உடம்பு, பிரஷர், கண் எல்லாம் பார்த்து, சரி என்று விடுகிறவரைக்கும் திரும்பச் சீட்டில் ஏறக்கூடாது.

கண் என்ற சொல்லுக்கு காக்காவின் முகம் என்னவானது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் முதலில் எழும்பியவர் அவர்தான்.

"காய்ச்சல்காரன அம்பாறைக்கு வரச்சொல்றான்," என்றார். "காய்ச்சலோட ஓட்ட ஏலாதெண்டுதான் அவன் லீவு கேக்கான். அவன் அம்பாறைக்கு என்னத்துல போற? ஆமி சென்ட்ரிக்கு சென்ட்ரி இறங்கி, வெயிலுக்குள்ள லைன்ல நடந்து, ஐடென்டிய காட்டிக் காட்டிப் போய்ச் சேரக்குள்ள காய்ச்சலும் சுகமாயிடும், ஆளும் மௌத்தாயிடுவான்."

கொட்டில் சிரித்தது. காரைதீவு அண்ணன் டயரில் உட்கார்ந்தபடியே சொன்னார், "உங்கள ஒருதரம் இறக்கினா என்னைய ரெண்டு தரம் இறக்குவானுகள் காக்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன் எண்டு சொன்னா, ஆர சுட்டுட்டு காயத்தோட போறாய் எண்டு கேப்பானுகள்." அதற்கும் சிரித்தார்கள்.

நிந்தவூரான் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி காக்கா. நீங்க நிரந்தரம். உங்களுக்கு கைமாத்து இனிக்கும். எங்கள நினைச்சுப் பாருங்களன்."

"நிரந்தரமாகி நீ என்ன செய்யப்போற? ஒருநாள் உனக்கும் ஏலாம வரும். அண்டைக்கு அம்பாறையில உன்ட சீட்ட புடுங்குவான்," என்றார் காக்கா. அந்தக் கொட்டிலில் அவர் கதைத்தது அத்தனையும் நியாயம். நான் கை தட்டினேன். அவர் எங்களுக்காகக் கதைக்கிறார் என்று நினைத்துத்தான் தட்டினேன்.

வாரக்கணக்கில் இழுபட்டது. எங்களுடைய டிப்போ மட்டும் ஓம் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் இரண்டு கட்சி, பஸ் கழுவுகிற இடத்தில் இரண்டு கட்சி. தற்காலிகக்காரர்கள் எங்களோடு தேத்தண்ணி குடிப்பதை விட்டுவிட்டார்கள். சம்மாந்துறை ஓட்டத்தில் போன ஒருவனுடைய பஸ் டயரின் காற்றை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். மெனேஜர் கொட்டிலைப் பூட்டினார், இனி டிப்போவுக்குள் கூட்டம் கூடாது என்றார். அன்றைக்குச் செயலாளர் எங்களை வெளி மதிலோரம் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"வேலைநிறுத்தம் செஞ்சா சட்டம் கதைப்பானுகள். வருத்தத்துக்கு சட்டம் இல்ல. திங்கக்கிழம எல்லாருக்கும் வருத்தம். ஒருத்தனும் பஸ் எடுக்கிறல்ல. எல்லாரும் சேந்து இஞ்ச ஆஸ்பத்திரிக்குப் போவம். மெடிக்கல் சேர்டிபிகேட் கேப்பம். சுகயீன லீவெண்டா என்னெண்டு அவனுகளுக்கு ஒருநாள் காட்டுவம்."

எனக்கு அது வெல்லமாக இனித்தது. எல்லாருக்கும்தான். நிந்தவூரான்கூட, தனியாக நின்று பஸ் எடுத்துக் கல்லெறி வாங்க முடியாது என்று சம்மதித்தான். எழும்பி வேண்டாம் என்றவர் ஒரே ஒருவர், காக்கா.

"பொய் வருத்தம் ஹறாம். நான் வரமாட்டன்."

"எத்தின வருசமா பொய் வருத்தம் சொல்றானுகள், இண்டைக்கா ஹறாமாப் போச்சு?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், "மெனேஜர் காக்காக்கு என்ன தாறன் எண்டவர்?" என்றான். காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஊர் முழுக்க என் சகலனைப் பார்த்து விலைபோனவன் என்று சொல்லுமே என்ற கொதிப்பு. வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று, அவருடைய வீட்டைப் பார்த்துக் கேட்கும்படியாகவே கத்தினேன். கொண்டக்டர் விசிலைக் கேட்டுப் பின்னுக்கு எடுக்கிற சாரதிகூட இவரைவிடத் துணிச்சல்காரன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிள்ளைகள் இருந்ததால் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் சொன்னாள், "உங்கட வாய கொஞ்சம் மூடுங்க. காக்காக்கு ஒரு கண் தெரியா. ராத்தா இப்பதான் சொல்லி அழுதுட்டுப் போறா. ஆஸ்பத்திரிக்குப் போனா புடிபட்டுடும் எண்டு."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். போன மாதம்தான் என் உம்மாவை அந்த பஸ்ஸில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேன். காக்கா ஓட்டுகிற பஸ், பயமில்லை என்று சொல்லித்தான் ஏற்றினேன். இடப்பக்கம் என்றால் ஆட்கள் இறங்குகிற பக்கம். சைக்கிள்காரனும் மாடும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வருகிற பக்கம். மலையில் பாதி வளைவுகளுக்குப் பள்ளம் இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் அவர் கிணற்றடிக்கு வந்தார். நானும் போனேன்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசத்துக்குக் கிட்ட. புகை மாதிரி வந்திச்சு. இப்ப ஒண்டுமில்ல."

"அதோட ஓட்டுறீங்க."

"ஒரு கீறல் விழுந்திரிக்கா என்ட பஸ்ஸில? சொல்லு. இரண்டு கண்ணும் உள்ளவன் எத்தின பேர் மோதியிரிக்கான். நான் தலையத் திருப்பிப் பாக்கன். மெல்லப் போறன். கொண்டக்டர்ட சத்தத்துக்குக் காது குடுக்கன்."

"காக்கா, என்ட உம்மாவ ஏத்தினன்."

அவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். தண்ணீர் அள்ளவில்லை, கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "அந்தச் சுவர் மேலுக்கு வரட்டும் தம்பி. கூரை ஏறட்டும். அதோட நானே விட்டுடுவன். வல்லாஹி விட்டுடுவன்."

"அப்ப திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கன்."

"வராட்டி விலைபோனவன் எண்டு சொல்றானுகளே. நீயே சொன்னாய், கேட்டன்." கயிற்றை மேலே இழுத்தபடி, "கண் பாக்கிற போர்ட்டுல எழுத்த பாடமாக்கிடலாம். முன்னால போறவனுகள் சத்தமாத்தானே வாசிப்பானுகள்," என்றார். பெரிய மனுசன் ஒருவர் பள்ளிக்கூடப் பரீட்சைக்குக் களவடிக்கத் திட்டம் போடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை ஒரு பஸ்ஸும் வெளிக்கிடவில்லை. ஸ்டாண்டில் மீன் பெட்டிகளும் நெல் மூட்டைகளும் கிடந்தன. ஆசிரியர் கலாசாலைப் பிள்ளைகள் குடையோடு நின்றார்கள். எங்களைக் கண்ட ஒரு கிழவர் காறித் துப்பினார். நாங்கள் முப்பது நாற்பது பேர் ஆஸ்பத்திரி விறாந்தையில் வரிசையாக, வயிற்றைப் பிடித்தவன், இடுப்பைப் பிடித்தவன், சும்மா வானத்தைப் பார்த்து முனகியவன் என்று நின்றோம். உண்மையான நோயாளிகள் எங்களை முறைத்தார்கள். காக்கா வரிசையின் நடுவில் நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

டொக்டர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். இளைஞர், சிடுமூஞ்சி. எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்: "எல்லாருக்கும் வருத்தம் எண்டா எல்லாரையும் முழுசாப் பாக்கன்." பார்த்தார். பிரஷர், நெஞ்சு, நாக்கு, கண். ஒவ்வொருவனுக்கும் ஒன்றுமில்லை, போ என்று சொல்லிக் கலைத்தார். இடுப்பு நோகுது என்றவனைக் குனிந்து காலைத் தொடச் சொன்னார், அவன் மறந்துபோய்த் தொட்டுவிட்டான். வெளியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னால் போனவர்கள் சுவரில் தொங்கிய எழுத்துகளை உரத்து வாசித்தார்கள். காக்காவின் உதடு அதோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தது.

அவருடைய முறை வந்தது. கதவு திறந்தே இருந்தது. வலது கண்ணால் வாசித்தார். பிறகு டொக்டர் ஒரு மட்டையால் அந்தக் கண்ணை மூடினார். காக்கா மூச்சு விடாமல் மேலிருந்து கீழ்வரை ஒப்புவித்தார், ஒரு எழுத்தும் பிழையில்லை. டொக்டர் மட்டையை எடுக்கவில்லை. "இப்ப என்ட விரல் எத்தின?" என்று கேட்டார்.

"மூண்டு," என்றார் காக்கா.

டொக்டரின் மற்றக் கை மேசையில் கிடந்தது. அவர் விரலே காட்டவில்லை.

விறாந்தையில் சிரிப்பு நின்றுபோனது. டொக்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, எழும்பிக் காக்காவின் தோளில் கை வைத்தார். சிடுமூஞ்சிக்காரர் அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. "நான் இத எழுதத்தான் வேணும்," என்றார். "எழுதி உங்கட கையிலயே தாறன். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ஆனா இனி ஓட்டாதீங்க." காக்கா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்களில் ஒருவரையும் பாராமல் வெளியில் நடந்தார்.

பகலுக்குள் மெனேஜர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். ஒருநாள் பஸ் ஓடாததில் மேலே இருந்து அவருக்கு நெருப்பு விழுந்திருக்கவேண்டும். காக்காவின் விஷயம் அவருக்குத் தெரியாது; சீட் பறிபோகும் என்ற பயத்தில்தான் நாங்கள் மறுக்கிறோம் என்பது மட்டும் தெரியும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார்: ஏலாத சாரதி தானாக வந்து சொன்னால் வேலை போகாது. டைம்கீப்பராகவோ ஸ்டோர்ஸிலோ, மேலதிகப் படி இல்லாமல், அடிப்படைச் சம்பளத்தில் வைத்துக்கொள்வார்கள். நாளைக் காலைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாருக்கும் விசாரணை. அந்த வரி வேறு எந்த நாளிலும் எங்களுக்குப் பெரிய வெற்றி. அன்றைக்கு யாரும் சந்தோசப்படவில்லை.

பின்நேரம் அசர் தொழுதுவிட்டுக் கூட்டம் எங்கள் வளவில் கூடியது. வேறு இடமில்லை. பாய் விரித்தோம், போதாததற்கு ஓலை போட்டோம். இளையவளுக்குக் கட்டி நின்றுபோன சுவரிலும் சிலர் ஏறி உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே தேத்தண்ணி ஊற்றினார்கள். ஜன்னல் சீலை அசைந்துகொண்டிருந்தது. காக்கா பாயின் ஓரத்தில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்தார்.

முதலில் கதைத்தது நிந்தவூரான். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவன் சொன்னான், "எனக்கு நிரந்தரம் வேணாம். காக்காட சீட்ட எடுத்துத்தான் எனக்கு நிரந்தரம் வரணுமெண்டா வேணாம்." சொல்லிவிட்டு அழுதுவிட்டான். அதோடு எல்லாருக்கும் மனம் இளகிப்போனது. ஒருவன் விசாரணை வரட்டும் பாப்பம் என்றான். ஒருவன், காக்கா எங்களுக்காக அண்டைக்கு எழும்பிக் கதைச்ச ஆள் என்றான். காரைதீவு அண்ணன், "என்ட பொஞ்சாதிக்குப் புள்ள கிடைக்கக்குள்ள ஊரடங்குக்குள்ள எனக்கு கைமாத்து ஓடின மனுசன். நான் என்னத்தச் சொல்ல," என்றார்.

செயலாளர் எழும்பினார். "அப்ப முடிவு இதான். ஒப்பந்தம் வேணாம். கைமாத்து இருந்த மாதிரியே இரிக்கும். டொக்டர் தந்தத காக்கா ஒருத்தருக்கும் குடுக்கத் தேவல்ல. கொழும்பு ஓட்டம் காக்காடதான். அவருக்கு ஏலுமான நாளைக்கு அவர் ஓட்டட்டும், ஏலாத நாளைக்கு நாம ஓடுவம். சரி எண்டாக்கள் கைய உசத்துங்க."

அத்தனை கையும் மேலே போனது. சுவரில் இருந்தவர்களும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். உம்மாவை நினைத்து எனக்கு வந்த ஆத்திரம் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. அத்தனை பேர் நடுவில் அந்தக் கையைக் கீழே வைத்திருக்க எந்த மனுசனாலும் முடியாது. காக்கா துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

எங்கள் கூட்டங்களில் முடிவானதும் பாத்திஹா ஓதுவோம். ஓதிவிட்டால் முடிந்தது. பிறகு அந்தப் பேச்சை யாரும் கிளப்பக்கூடாது, பிடிக்காதவனும் கட்டுப்படவேண்டும். தமிழ் ஆட்களும் அதற்குக் கட்டுப்படுவார்கள், நாங்கள் ஓதும்வரை பேசாமல் இருப்பார்கள். மூத்த சாரதி ஒருவர் இரண்டு கையையும் ஏந்தி வாயைத் திறந்தார்.

"ஓதாதீங்க. கொஞ்சம் பொறுங்க."

மதினி வாசற்படியில் நின்றார். என் மனைவியின் ராத்தா, காக்காவின் மனைவி. முக்காட்டை நாடிவரை இழுத்துப் பிடித்திருந்தார். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் வந்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"உள்ள போ," என்றார் காக்கா.

"போறன். இது என்ட வளவு. என்ட வளவுல கூட்டம் வச்சா நானும் ஒரு கதை கேட்டுட்டுத்தான் போவன்." அதோடு நிற்கவில்லை. "நீங்க எல்லாரும் கை உசத்தினத்த ஜன்னலால பாத்தன். அல்லா உங்களுக்கு நல்லது தரட்டும். இப்ப நான் ஒண்டு கேக்கன், அதுக்கும் கைய உசத்துங்க. நாளைக்கு இவர் கொழும்புக்கு ஓட்டுறார். உங்கட பொஞ்சாதியையும் புள்ளயளையும் அந்த பஸ்ஸில ஏத்தி அனுப்புறாக்கள் ஆர்?"

ஒருவரும் அசையவில்லை. செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். நிந்தவூரான் கையைப் பாதிவரை தூக்கினான், பிறகு அதே கையால் தலையைச் சொறிந்தான். காரைதீவு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

காக்கா துவாயை இறக்கிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தார். நாங்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள், ஒரு வீட்டில் ஆக்கிய கறி மற்ற வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. என் கை என் மடியில் கிடந்தது. அதை நான் தூக்கவில்லை.

"நான் ஏறுவன்," என்றார் மதினி. "எனக்கு வேற போக்கில்ல, நான் ஏறுவன். என்ட மகள ஏத்தமாட்டன்."

காக்கா சட்டைப்பைக்குள் கையை விட்டார். நாலாக மடித்ததை எடுத்துச் செயலாளரிடம் நீட்டினார். "ஓம் எண்டு எழுதுங்க," என்றார். "அந்த வரியையும் சேக்கச் சொல்லுங்க. காலையில நானே மெனேஜர்ட்டப் போறன்." குரல் வழக்கமாகவே இருந்தது, டைம்கீப்பரிடம் நேரம் கேட்பதுபோல. மூத்தவர் திரும்பக் கையை ஏந்தி "அல் பாத்திஹா" என்றார்.

ஓதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. மதினி என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் இன்னும் வாசற்படியில், நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே அழுதது காக்காவின் இளைய மகள். நாங்கள் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். சுவரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள்.